வெறும் தாங்கிக்கு நான்கு விளக்கு

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். மனுசன் இடையிலே போய்விட்டார், மிச்சத்தைத் தனியாக வளர்த்தேன். படிப்பு மூன்றாம் வகுப்பு. கையெழுத்து வைப்பேன், பஸ் நம்பர் வாசிப்பேன், மாத்திரைப் போத்தலில் என் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பேன், அவ்வளவுதான். இதையெல்லாம் முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான்கு சின்ன விளக்குகள் என்மீது ஒரு பழியைப் போட்டன. யார்மீது போட்டன என்று வாசிக்கிறவர்களுக்குத் தெரியவேண்டும்.

இது நடந்தது போன வருடம், ஆனிக் கடைசியில் வருகிற சென்-ஜோன் விடுமுறையை ஒட்டி, பள்ளிக்கூடம் மூடிய கிழமை. நான் மொன்றியலில் செயின்ட்-மிஷேல் பக்கம் என் இளைய மகளோடு இருக்கிறேன். அந்த வசந்தத்தில் என் மருமகன் ஒரு பழைய மோட்டர் ஹோம் வாங்கினார். ஒரு பெரிய வான், அதற்குள்ளே கட்டில், அடுப்பு, குளிக்கிற இடம், கக்கூஸ் எல்லாம் இருக்கும். எங்கள் தெருவில் அதை நிறுத்த இடமில்லை. லொங்குய்யில் இருக்கும் என் மூத்த மகனின் வீட்டு முற்றத்தில் கொண்டுபோய் விட்டார். ஆடி மாதக் கடைசியில் இரண்டு கிழமை கஸ்பே வரைக்கும் போய்க் கடல் பார்த்து வருவது என்று திட்டம். மகள், மருமகன், பதினாறு வயதுப் பேத்தி, நான்.

இந்த நாட்டுக்கு வந்து முப்பத்திமூன்று வருடம். அதில் நான் பார்த்தது வேலைக்குப் போகிற பஸ்ஸும், மெட்ரோவும், கோயிலும், கலியாண மண்டபங்களும். விடுமுறை என்று ஓரிடம் போனதே கிடையாது. ஆகவே அந்தப் பயணத்துக்காகப் புதுச் சப்பாத்து ஒரு சோடி வாங்கி, கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டு நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பெரிய பயணத்துக்கு முதல் ஒரு சோதனை ஓட்டம் பார்ப்போம் என்று மருமகன் சொன்னார். லொங்குய்யிலிருந்து ஒரு மணித்தியாலத் தூரத்தில் ஏரிக்கரையில், இப்படியான வண்டிகளை நிறுத்தித் தங்குகிற ஒரு முகாமிடம். வெள்ளிக்கிழமை காலையில் போய் இறங்கினோம்.

என் மருமகனைப் பற்றி ஒரு சொல். நல்ல மனிதன், குடியில்லை, கோபமில்லை. ஒரு தொழிற்சாலையில் இயந்திரத் துண்டுகளை அளந்து பார்த்துச் சரி பிழை சொல்கிற வேலை. நாள் முழுக்க அளவுக்கருவிகளோடு இருக்கிறவர். ஆகவே கருவி ஒன்று சொன்னால் அவருக்கு அது கடவுள் சொன்ன மாதிரி.

போய் இறங்கியதும் எங்கள் மூன்று பேரையும் வரிசையாக நிற்கவைத்து வகுப்பு எடுத்தார். வண்டிக்கு அடியில் மூன்று தாங்கிகள். ஒன்றில் நல்ல தண்ணீர். இன்னொன்றில் சமையலும் குளிப்பும் முடிந்த தண்ணீர். மூன்றாவது கக்கூசுக்கு. கதவுக்குப் பக்கத்தில் ஒரு பலகை, அதிலே மூன்று பொத்தான். பொத்தானை அமத்தினால் அந்தத் தாங்கியின் அளவை விளக்கு காட்டும். ஒரு விளக்கு எரிந்தால் வெறுமை. நான்கும் எரிந்தால் நிரம்பிவிட்டது, உடனே கொண்டுபோய்க் கொட்டவேண்டும். கக்கூசில் காலால் அமத்துகிற மிதி ஒன்று இருந்தது. அதை அமத்தினால் கீழே வாய் திறந்து எல்லாம் தாங்கிக்குள் போகும். மிதியைச் சும்மா தொட்டுவிட்டு எடுங்கோ, தண்ணீரை மிச்சம் பிடியுங்கோ, நாலு பேருக்கு ஐந்து நாள் தாங்கவேணும் என்றார்.

நான் தலையாட்டிவிட்டு என் ஒரு லீற்றர் ஜக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

அந்த ஜக்கைப் பற்றி வெட்கப்பட எனக்கு ஒன்றுமில்லை. கழுவாமல் எழும்ப எனக்குத் தெரியாது. கனடாவில் எத்தனை பனிக்காலம் போனாலும் அது மாறவில்லை. எங்கள் ஆட்களின் வீடுகளில் கக்கூசுக்குள் ஒரு ஜக்கோ, பூமரத்துக்குத் தண்ணீர் விடுகிற வாளியோ கட்டாயம் இருக்கும். வெள்ளைக்கார விருந்தாளி வந்தால் அதை ஒளித்துவைப்பார்கள். நான் ஒளிப்பதில்லை.

சனிக்கிழமை காலையில் மருமகன் பொத்தானை அமத்தினார். நான்கு விளக்கும் எரிந்தன. ஒரு நாள்தான் ஆகியிருந்தது. இன்னொருமுறை அமத்தினார். அதே நான்கு.

அந்தச் சின்ன இடத்தில் நாலு பேர் நின்றால் யார் எங்கே பார்க்கிறார்கள் என்பது தெரியும். மூன்று பேருடைய கண்ணும் என் ஜக்கிலே போய் நின்றது.

"மாமி," என்றார், "குறை நினைக்காதையுங்கோ. இந்த வண்டியிலை மட்டும் நீங்கள் பேப்பரைப் பாவிச்சால் நல்லம்."

பேத்திக்கு முன்னால் சொன்னார். மகள் என் கையைப் பிடித்து, ரெண்டு கிழமைக்குத்தானே அம்மா என்று மெல்லச் சொன்னாள். எனக்கு முகம் எரிந்தது. அதைவிடப் பெரிய விசயம், எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை நான்தானோ? ஒரு தரத்துக்கு ஒரு ஜக், இரவோடு சேர்த்து ஐந்து தரம் போயிருப்பேன். ஐந்து ஜக் தண்ணீர் ஒரு தாங்கியை நிரப்பிவிடுமோ?

கழிவு கொட்டுகிற இடம் வாசலுக்குப் பக்கத்தில் இருந்தது. வண்டியை அங்கே கொண்டுபோய், தடித்த குழாயைப் பூட்டித் திறந்துவிட்டார். நானும் இறங்கி நின்று பார்த்தேன். குழாய் குலுங்கியது, கொஞ்சம் சத்தம் வந்தது, நின்றுவிட்டது. ஒரு நிமிடம்கூட ஓடவில்லை. நிரம்பின தாங்கி இவ்வளவு கெதியாக ஓடி முடியுமா என்று மனதுக்குள் ஒரு கேள்வி வந்தது. கேட்கவில்லை. குற்றம் சாட்டப்பட்டவள் கேள்வி கேட்டால் யார் பதில் சொல்வார்கள்?

திரும்பி வந்து பொத்தானை அமத்தினால் மூன்று விளக்கு. ஒன்றுதான் எரிந்திருக்கவேண்டும். குழாய்க்குள் மிச்சம் நின்றிருக்கும் என்று மருமகன் தனக்குத்தானே சமாதானம் சொன்னார். பின்னேரம் ஐந்து மணிக்கு மறுபடியும் நான்கு.

அன்று சாப்பாட்டுக்குப் பிறகு மகள் என் பக்கத்தில் வந்து இருந்தாள். பாத்திரம் துடைக்கிற துணியை மடித்து மடித்துப் பிரித்தாள். கடைசியில் சொன்னாள்:

"அம்மா, ஆடி மாசம் நீங்கள் லொங்குய்யிலை அண்ணை வீட்டை நில்லுங்கோவன். அங்கை உங்களுக்கு எல்லா வசதியும் இருக்கு."

"கடலுக்கு நான் வரேல்லையோ?"

"வழியிலை கொட்டுற இடம் எல்லா இடமும் இல்லையாம் அம்மா. ஒவ்வொரு நாளும் நிரம்பினால் என்னெண்டு போறது?"

இதுதான் தீர்ப்பு. ஐந்து பிள்ளைகளின் பீத்துணி கழுவின கை இது. அதிலே ஒருத்தி, நான் கழுவுகிறேன் என்பதற்காக என்னை விட்டுவிட்டுப் போகப்போகிறாள். இதை எழுதிக்கொண்டிருக்கும் பேத்தி, "அம்மம்மா, அந்தச் சொல்லை உப்பிடியே போடுறதோ?" என்று கேட்கிறாள். அப்பிடியே போடு பிள்ளை. அதுதான் அதற்குச் சொல்.

ஞாயிறு விடிந்ததும் மருமகன் மறுபடி போய்க் கொட்டிவிட்டு வந்தார். வந்து அமத்தினார், மூன்று விளக்கு. பிறகு மூன்று பேரும் ஏரியில் குளிக்கப் போனார்கள். எனக்கு முழங்கால் நோகிறது என்று சொல்லி நின்றுவிட்டேன். முழங்கால் நோகவில்லை.

நான் ஒரு முடிவு எடுத்திருந்தேன். அன்று முழுக்க அந்தக் கக்கூஸ் பக்கம் போவதில்லை. போகத் தேவை வராமல் இருக்க, தேத்தண்ணியும் இல்லை, தண்ணீரும் இல்லை. விடியக்காலை முகாமின் பொதுக் கக்கூசுக்கு நடந்து போய்வந்ததோடு சரி. வண்டிக்கு வெளியே கதிரையைப் போட்டு இருந்தேன். பார்ப்போம், என்னை வைத்துத்தானே நிரம்புகிறது, நான் ஒரு சொட்டும் விடாமல் இருக்கிறேன், நிரம்பட்டும் பார்ப்போம் என்று ஒரு வீம்பு.

பத்து மணி ஆனது, பதினொன்று ஆனது. ஆனி மாத வெயில். பக்கத்து வண்டியிலிருந்து என் வயது மதிக்கத்தக்க ஒரு கெபெக் மனுசி கையசைத்து பொன்ஜூர் சொன்னாள். நானும் சொன்னேன், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. மத்தியானம் மாத்திரை போட எழும்பினேன். நிலம் சரிந்தது. படிக்குப் பக்கத்துக் கம்பியைப் பிடித்திராவிட்டால் அந்த இரும்புப் படியில் தலை அடித்திருக்கும். கண்ணுக்குள் பூச்சி பறந்தது. அப்படியே படியில் இருந்துவிட்டேன்.

அந்த இருப்பில்தான் எனக்குக் கோபம் வந்தது. அதுவரைக்கும் இருந்தது மனவருத்தம். இது வேறு. ஒரு விளக்குக்குப் பயந்து எழுபத்தெட்டு வயது மனுசி தண்ணீர் குடிக்காமல் கிடந்து விழப்பார்த்தாள். யாருக்காக? எதற்காக? உள்ளே போய் இரண்டு பெரிய கிளாஸ் தண்ணீர் குடித்தேன். மாத்திரையும் போட்டேன். இன்னும் அரைக் கிளாஸ் குடித்தேன். வாயைத் துடைத்துவிட்டு நேரே அந்தப் பலகைக்கு முன்னால் போய் மூன்றாவது பொத்தானை அமத்தினேன்.

நான்கு விளக்கு.

விடியக் கொட்டின தாங்கி. அதற்குப் பிறகு ஒரு மனிதரும் அந்தக் கதவைத் திறக்கவில்லை. என் கண்ணாலே காவல் இருந்தேன். பிறகு யார் வந்து நிரப்பினது?

இங்கே என் வேலையைப் பற்றிச் சொல்லவேண்டும். கோட்-டெ-நெய்ஜ் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் பதினேழு வருடம் துப்புரவு வேலை செய்தேன். ஒரு நாளைக்கு நாற்பது கக்கூஸ். படித்தவர்கள் இயந்திரத்தைப் பார்ப்பார்கள், நாங்கள் துவாரத்தைப் பார்ப்போம். அடைத்துக்கொண்டது என்று யாராவது கூப்பிட்டால் முதல் வேலை குனிந்து பார்ப்பது. பதினேழு வருடத்தில் தண்ணீரால் அடைத்த கக்கூஸ் ஒன்றை நான் காணவில்லை. எப்பவும் பேப்பர்தான்.

லாச்சியை இழுத்து ரோர்ச் லைற்றை எடுத்தேன். மிதியைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வெளிச்சத்தை உள்ளே அடித்தேன்.

தாங்கியில் தண்ணீரே இல்லை. துவாரத்துக்கு நேர் கீழே பேப்பர், கறையான் புற்று எழும்பின மாதிரி ஒரு கும்பி. சுவர்ப் பக்கமும் அப்பிக்கொண்டு கிடந்தது. மிதியைச் சும்மா தொட்டுவிட்டு எடுங்கோ என்றாரே, தொட்டுவிட்டு எடுத்த மூன்று பேருடைய பேப்பரும் கரையத் தண்ணீரில்லாமல் அங்கே குவிந்து நிற்கிறது. கொட்டும்போது இருந்த கொஞ்ச ஈரம் ஓடியது, பேப்பர் ஓடவில்லை. அளவு பார்க்கிற முனைகள் அந்தச் சுவரில்தான் இருக்கவேண்டும். அதிலே ஈரப் பேப்பர் ஒட்டினால் அந்த விளக்குப் பாவம் என்ன செய்யும், நிரம்பிவிட்டது என்றுதான் கத்தும்.

கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து கதிரையில் இருந்தேன். ரோர்ச்சை மடியில் வைத்துக்கொண்டேன். தேத்தண்ணி ஒன்று போட்டுக் குடித்தேன், சீனி கூடப் போட்டு.

அவர்கள் ஈரத் தலையோடு வந்தார்கள். நான் எழும்பவில்லை.

"தம்பி, அந்தப் பொத்தானை ஒருக்கால் அமத்துங்கோ."

அமத்தினார். நான்கு. அவர் முகம் விழுந்தது.

"மாமி, நீங்கள் கக்கூசுக்குப் போனனீங்களோ?"

"இல்லை. ஒருத்தரும் போகேல்லை. விடியக் கொட்டினது நீங்கள்தானே. அப்ப இது ஆரின்ரை தண்ணி?"

மீற்றர் பிழைக்காது மாமி, ஏதோ உள்ளே நிற்கிறது என்றார். ஓம், நிற்கிறதுதான், வந்து பாருங்கோ என்று ரோர்ச்சை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. கக்கூஸ் துவாரத்துக்குள் குனிந்து பார்ப்பதற்கு அவருக்கு மனம் வரவில்லை. மூக்கைச் சுளித்தார். நான் முன்னால் போனேன், மிதியை நானே அழுத்தினேன், லைற்றையும் நானே பிடித்தேன்.

"பாருங்கோ தம்பி. இதிலை என்ரை தண்ணி எங்கை, உங்கடை பேப்பர் எங்கை எண்டு சொல்லுங்கோ."

குனிந்து பார்த்தார். கன நேரம் பார்த்தார். பேத்தியும் அவருடைய தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, பிரெஞ்சிலே ஏதோ சொல்லிக்கொண்டு ஓடினாள். மகள் மட்டும் பார்க்கவில்லை. அவள் என்னைத்தான் பார்த்தாள். பார்த்துவிட்டு, "அம்மா, விடியத் தொடக்கம் நீங்கள் ஒண்டும் குடிக்கேல்லையோ?" என்று கேட்டாள். எப்படிக் கண்டுபிடித்தாள் என்று தெரியாது. காலையில் எடுத்துவைத்த தண்ணீர்ப் போத்தல் மூடி திறக்காமல் மேசையில் இருந்ததைக் கண்டிருப்பாள். விழப்பார்த்த கதையை அப்போதுதான் சொன்னேன். அவள் அழுதாள். அழத் தேவையில்லை, தண்ணியை எடு, வேலை இருக்கிறது என்றேன்.

பேத்தி ஓடினது பக்கத்து வண்டி மனுசியிடம். அவளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அந்த மனுசி நிலைமையைக் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இருபது வருடமாக இப்படி ஊர் சுற்றுகிறவளாம். அவள் பிரெஞ்சில் சொல்லச் சொல்லப் பேத்தி எனக்குத் தமிழில் சொன்னாள். இந்த விளக்குகளை யாராவது நம்புவார்களா, எல்லா வண்டியிலும் இதுதான் கதை, தண்ணீர் விடவேண்டும், இன்னும் விடவேண்டும், தண்ணீரை மிச்சம் பிடித்தால் பேப்பர் மலையாகும் என்றாளாம். தன்னுடைய பலகையைக் காட்ட எங்களைக் கூட்டிக்கொண்டுபோனாள். விளக்குகளுக்கு மேலே கறுப்புப் பசை நாடா ஒட்டியிருந்தது. வாங்கின முதல் கோடையிலேயே ஒட்டிவிட்டாளாம்.

"தண்ணியாலை கழுவுறது இந்தத் தாங்கிக்கு நல்லதாம் அம்மம்மா," என்று பேத்தி சொன்னாள். மருமகனுக்குப் பிரெஞ்சு என்னைவிட நன்றாகத் தெரியும். அவருக்கு அதை மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை.

பிறகு வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்து ஊற்றினோம். சுமந்தது அவர், ஊற்றினது நான். நன்றாக ஊறவிட்டு, வண்டியை முகாமைச் சுற்றி இரண்டு தரம் ஓட்டினார், உள்ளே தண்ணீர் அலம்பட்டும் என்று. கொண்டுபோய்த் திறந்துவிட்டபோது குழாய் ஓடின ஓட்டத்தைப் பார்க்கவேண்டும். முதல்நாள் ஓடினது ஒரு ஓட்டமா! திரும்பி வந்து அமத்தினால் இரண்டு விளக்கு. மறுநாள் இன்னும் ஒருமுறை கழுவினோம், அதற்கும் இரண்டுதான். அந்த இரண்டாவது விளக்கு இன்றைக்கும் எரிந்துகொண்டுதான் இருக்கிறது. அதைப் பற்றி இப்போது ஒருவருக்கும் கவலையில்லை.

மருமகன் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் அதற்குக் காத்திருக்கவில்லை. திங்கட்கிழமை திரும்பி வரும்போது வழியில் டெப்பனர் என்கிற சின்னப் பெட்டிக்கடை ஒன்றில் நிறுத்தி, ஐஸ்பழம் வாங்கித் தந்தார். கனநேரமாக ஓட்டிக்கொண்டு வந்துவிட்டு, மொன்றியல் பாலம் தெரிகிற இடத்தில், கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"மாமி, கஸ்பேக்கு நீங்கள் வந்தால்தான் நான் வண்டியை எடுப்பன்."

"நான் வராமல் விடுறன் எண்டு ஆர் சொன்னது?" என்றேன்.

போனேன். இரண்டு கிழமையும் போனேன். ஒவ்வொரு நாளும் காலைத் தேத்தண்ணிக்குப் பிறகு ரோர்ச்சோடு போய்க் குனிந்து பார்த்து, இன்றைக்குக் கொட்டவேண்டும், இன்றைக்குத் தேவையில்லை என்று சொல்வது என் வேலையாயிற்று. ஒரு நாளும் பிழைக்கவில்லை. ஒரு தரத்துக்கு ஒரு ஜக் தண்ணீர் ஊற்றவேண்டும் என்பது எல்லாருக்கும் சட்டம். மகள் இன்னொரு ஜக் வாங்கிவைத்தாள். மருமகன் அதை எடுத்துக்கொண்டு உள்ளே போகும்போது நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன், மரியாதைக்கு.

கஸ்பேயில் கடற்கரை முழுக்கக் கல். புதுச் சப்பாத்து முதல் நாளே நனைந்துவிட்டது. குளிர்ந்த கடல். முழங்கால் வரைக்கும் இறங்கி நின்றேன். என்னைக் கரைக்குக் கூப்பிட மகள் நாலு தரம் சத்தம் போட்டாள், கேளாத மாதிரி நின்றேன்.

ஒரு வருடம் போய்விட்டது. இப்பவும் வீட்டில் இந்தக் கதையை எடுத்தால் எல்லாரும் விளக்கு பிழைத்த கதை என்றுதான் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் கூடச் சிரிப்பேன். ஆனால் என் மனதில் நிற்பது அந்த இரும்புப் படிதான். மருமகன் விளக்கை நம்பினார், அது அவருடைய தொழில் பழக்கம், மன்னிக்கலாம். நான் என்னைத் தெரிந்தவள். எவ்வளவு தண்ணீர் விட்டேன் என்று எண்ணினவள். அப்படியிருந்தும் அந்த விளக்கை நம்பி, என்னையே குற்றவாளியாக்கி, அரை நாள் தாகத்தோடு கிடந்தேனே, அதை எனக்கு நானே இன்னும் மன்னிக்கவில்லை. இனி யார் எந்த விளக்கைக் காட்டி என்ன சொன்னாலும், முதலில் தண்ணீரைக் குடித்துவிட்டு, பிறகு போய் என் கண்ணால் குனிந்து பார்ப்பேன்.

சரி பிள்ளை, எழுதினது போதும். இனி முதலிலிருந்து ஒருக்கால் வாசி, கேட்பம். கொஞ்சம் உரத்து வாசி, உன்ரை அப்பா பக்கத்து அறையிலைதான் இருக்கிறார்.